செந்தூலில் சக்கரத்தைத் தட்டிக் கேட்டவர்கள்

ரயில் சக்கரத்தில் விரிசல் விட்டிருக்கிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பொறியியல் மாணவர்களைக் கேட்டால் 'அல்ட்ராசோனிக் சோதனை' என்று உடனே பதில் வரும். பொலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் படிக்கும் நானும் அதைத்தான் படித்தேன். என் தாத்தாவிடம் கேட்டபோது வேறு பதில் கிடைத்தது.

“சுத்தியால ஒரு தட்டுத் தட்டு. நல்ல சக்கரம் மணி மாதிரி பேசும். விரிசல் விட்டது ஓட்டைப் பானை மாதிரி 'டப்'புனு நின்னுடும்.”

இரண்டும் ஒரே அறிவியல்தான். திடப்பொருளுக்குள் அதிர்வு ஓடும்போது வழியில் ஒரு வெடிப்பு இருந்தால் அதன் போக்கு மாறிவிடுகிறது. இன்றைய கருவி அந்த மாற்றத்தைத் திரையில் கோடாகக் காட்டுகிறது. அன்றைய தொழிலாளிக்கு அது காதில் கேட்டது. சந்தையில் பானை வாங்கும் பாட்டி விரலால் சுண்டிப் பார்ப்பதும் இதே சோதனைதான்.

தாத்தாவுக்கு இப்போது 83 வயது. 1959-இல், 17 வயதில் கோலாலம்பூர் செந்தூல் ரயில் பட்டறையில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தார். 55-ஆவது வயதில் ஓய்வு பெறும்வரை அங்கேயே ஃபிட்டராக வேலை செய்தார். அவருடைய அப்பாவும் அங்கேதான் கொல்லராக இருந்தார். வீட்டில் 'ஒர்க்‌ஷாப்பு' என்றால் அது செந்தூல் பட்டறை மட்டும்தான். மற்றவை எல்லாம் 'கார் கடை'.

அந்த ஒர்க்‌ஷாப்பை நான் பார்த்ததே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு தாத்தாவும் அதன் உள்ளே போகவில்லை. பழைய பட்டறைக் கொட்டகைகளில் இப்போது வார இறுதிச் சந்தைகளும் கலை நிகழ்ச்சிகளும் நடக்கின்றன, பொதுமக்கள் தாராளமாகப் போகலாம் என்று தெரிந்ததும் ஒரு சனிக்கிழமை அவரை அழைத்துக்கொண்டு கோம்யூட்டரில் கிளம்பினேன்.

போகும் வழியில் கொஞ்சம் வரலாறு பார்த்துவிடுவோம். செந்தூல் என்பது முதலில் ஒரு பழமரத்தின் பெயர். மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1-ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு, சுமார் 13 கிலோமீட்டர் தூரம் ஓடியது. ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோவதற்காகப் போட்ட தடம் அது. மறு ஆண்டு கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் இன்னொரு தடம் வந்தது. இப்படித் தனித்தனியாக இருந்த பேராக், சிலாங்கூர் ரயில்வேக்களை 1901-இல் ஒன்றாக்கி, கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வே என்று பெயர் வைத்தார்கள். எல்லா இன்ஜின்களையும் பழுதுபார்க்க ஒரே இடம் தேவைப்பட்டது. அதற்காக அந்த நூற்றாண்டின் முதல் பத்து ஆண்டுகளுக்குள் எழுந்ததுதான் செந்தூல் மத்தியப் பட்டறை.

இன்ஜின்கள் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து வந்தன. ஒரு பாகம் உடைந்துவிட்டால் கப்பலில் புதியது வரும்வரை காத்திருக்க முடியுமா? அதனால் இரும்பை உருக்கி வார்ப்பதிலிருந்து, பயணிகள் பெட்டிக்குப் பலகை இழைப்பது வரை எல்லாத் தொழிலும் செந்தூலிலேயே இருந்தன. வார்ப்படம், கொல்லுப்பட்டறை, பாய்லர் ஷாப், சக்கர ஷாப், தச்சு, பெயின்ட் என்று ஒவ்வொன்றும் தனி உலகம். தமிழர், மலாய்க்காரர், சீனர், பஞ்சாபியர், மலையாளிகள் எல்லாரும் சேர்ந்து வேலை செய்தார்கள். பட்டறையின் பேச்சும் அப்படித்தான் கலந்திருந்தது என்கிறார் தாத்தா. கருவிகளின் பெயர் ஆங்கிலத்தில், கிரேன்காரருக்குச் சொல்வது மலாயில், திட்டுவது அவரவர் தாய்மொழியில். “பத்து டன் தொங்கும்போது நின்னு தமிழ்ல விளக்க முடியுமா? 'ஆங்காட்!'னா தூக்கணும், 'தூருன்!'னா இறக்கணும். அவ்வளவுதான்.”

கொட்டகைக்குள் நுழைந்ததும் எல்லாரும் செய்வதுபோல் நான் மேலே பார்த்தேன். அண்ணாந்து பார்க்க வைக்கும் கூரை அது. வரிசையாக இரும்புத் தூண்கள், உயரத்திலிருந்து இறங்கும் பகல் வெளிச்சம். கீழே கோப்பி, வாசனை மெழுகுவர்த்தி, பழைய டி-ஷர்ட் விற்கும் கடைகள். தாத்தா கூரையைப் பார்க்கவில்லை. கைத்தடியால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் சிமெண்டில் பதிந்த தண்டவாளம் தெரிந்ததும் நின்றுவிட்டார்.

“இது எதுக்கு அங்கிள், டிராம் ஓடுச்சா?” என்று மெழுகுவர்த்தி விற்ற பெண் கேட்டார். பிறகு நடந்ததை என் பொலிடெக்னிக்கில் நடந்த எந்த விரிவுரையோடும் ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை. தாத்தா அந்தக் கடையின் ஸ்டூலில் உட்கார்ந்து, ஓர் இன்ஜினை எப்படிப் பிரிப்பது என்று அரைமணி நேரம் சொன்னார். கோப்பி வாங்க வந்தவர்கள் நாலைந்து பேர் நின்று கேட்டார்கள்.

முதலில் கிரேனால் இன்ஜினின் உடலைச் சக்கரங்களிலிருந்து அப்படியே தூக்கிவிடுவார்கள். பாய்லர் ஒரு ஷாப்புக்குப் போகும், சக்கரங்கள் இன்னொன்றுக்கு உருண்டு போகும். தாத்தாவின் இடம் சக்கர ஷாப்.

ரயில் சக்கரம் ஒரே இரும்புத் துண்டு என்று நீங்கள் நினைத்திருக்கலாம். பழைய இன்ஜின்களில் அது இரண்டு பாகம். நடுவில் வார்ப்புச் சக்கரம். அதைச் சுற்றித் தண்டவாளத்தில் உரசித் தேய்வதற்கென்றே ஒரு எஃகு வளையம். அதன் பெயர் 'டயர்'. இதை ஒட்டுவதற்குப் பசை கிடையாது. சூடும் குளிரும்தான் பிடித்துக்கொள்ள வைக்கின்றன.

படிவம் ஐந்து மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மீட்டர் எஃகை ஒரு டிகிரி சூடாக்கினால் அது சுமார் 0.012 மில்லிமீட்டர் நீளும். ஒரு மீட்டர் விட்டமுள்ள சக்கரத்துக்கு டயரின் உள்விட்டத்தை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் குறைத்துக் கடைவார்கள். அதாவது, சாதாரணமாக அது சக்கரத்தில் ஏறவே ஏறாது. அந்த டயரைச் சுற்றிலும் நெருப்பு வைத்து 200 டிகிரி கூட்டினால் விட்டம் 2.4 மில்லிமீட்டர் பெருகுகிறது. இப்போது சக்கரம் உள்ளே தாராளமாக இறங்கும். ஆறியதும் டயர் சுருங்கிப் பிடிக்கும் பிடியைச் சம்மட்டி போட்டாலும் அசைக்க முடியாது. “அளவுக் கம்பியை உள்ள வெச்சுப் பார்ப்போம். கம்பி லேசா ஆடுச்சுன்னா உடனே இறக்கணும். யோசிச்சுக்கிட்டு நின்னா பாதியில புடிச்சிக்கும். அப்புறம் அறுத்துதான் எடுக்கணும்.”

தாத்தாவின் அப்பா 1930-களில் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். ஊரில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட்டுக்கொண்டிருந்தார். பட்டாவை வறட்டி நெருப்பில் போட்டுப் பழுக்க வைத்து, மரச்சக்கரத்தில் மாட்டி, தண்ணீர் ஊற்றி இறுக்குவார்கள். செந்தூலில் ரயில் சக்கரத்துக்கு டயர் போடுவதைப் பார்த்ததும், 'அட, நம்ம வேலைதானே!' என்றாராம். பள்ளிக்கூடமே போகாதவர். வெப்ப விரிவாக்கம் என்ற சொல்லை அவர் கேட்டிருக்க வாய்ப்பில்லை. மரச்சக்கரத்துக்கு எவ்வளவு சூடு, எஃகுச் சக்கரத்துக்கு எவ்வளவு சூடு என்பது அவருக்குக் கையில் இருந்தது.

டயர் தேய்ந்தால் பெரிய லேத்தில் ஏற்றி மறுபடி கடைவார்கள். கடையும்போது அதன் முகம் தட்டையாக இருக்கக் கூடாது. உள்பக்கம் விட்டம் கொஞ்சம் பெரிதாகவும் வெளிப்பக்கம் சிறிதாகவும், இருபதுக்கு ஒன்று என்ற கணக்கில் சரிவாக இருக்க வேண்டும். காரணம் தெரிய வேண்டுமானால் வீட்டில் இரண்டு காகிதக் கோப்பைகளை வாயோடு வாய் வைத்து ஒட்டி, இணையாகப் பிடித்த இரண்டு அடிக்கோல்களின் மேல் உருட்டிப் பாருங்கள். கொஞ்சம் கோணலாக வைத்தாலும் தானே நடுவுக்கு வந்து நேராக உருளும். அடியோடு அடி ஒட்டினால் விழுந்துவிடும். ரயில் வளைவில் திரும்புவதும் இப்படித்தான். சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தில் முட்டித் திருப்புவதாகத்தான் பலரும் நினைக்கிறோம். விளிம்பு கடைசிப் பாதுகாப்பு மட்டுமே. மெழுகுவர்த்திக் கடையில் காலிக் கோப்பைகள் இருந்ததால் தாத்தா இதை அங்கேயே செய்து காட்டினார். கைத்தட்டல் கிடைத்தது.

எனக்கு அதைவிடப் பிடித்தது பேரிங் கதை. அச்சு சுழலும் இடத்தில் இரும்போடு இரும்பு உரசினால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அதனால் நடுவில் மென்மையான ஓர் உலோகத்தை உருக்கி ஊற்றுவார்கள். பட்டறையில் அதற்கு 'வைட் மெட்டல்' என்று பெயர். நல்ல ரக வைட் மெட்டலில் பெரும்பகுதி வெள்ளீயம். கூடவே கொஞ்சம் ஆண்டிமனி, கொஞ்சம் செம்பு. மலாயாவில் நாம் பேச்சுவழக்கில் ஈயம் என்று சொல்லி, லம்பம் லம்பமாகத் தோண்டியெடுத்ததும் இந்த வெள்ளீயத்தைத்தான். அதைச் சுமப்பதற்காகப் போட்ட ரயில், அதன் மேலேயே சுழன்றும் ஓடியிருக்கிறது! ஊற்றிய உலோகம் ஆறிய பிறகு, அச்சில் நீலச் சாயத்தை மெல்லத் தடவி, பேரிங்கில் உட்கார வைத்துச் சுற்றுவார்கள். நீலம் ஒட்டும் இடமெல்லாம் மேடு. அந்த மேடுகளை மட்டும் ஸ்கிரேப்பரால் சுரண்ட வேண்டும். மறுபடி நீலம், மறுபடி சுரண்டல். நீலம் எங்கும் சமமாகப் புள்ளி புள்ளியாகப் படும்வரை விடக் கூடாது. ஒரு பேரிங்குக்குச் சில நேரம் ஒரு பகல் முழுவதும் போய்விடும் என்றார்.

சக்கர ஷாப்பில் சத்தம் உண்டு என்றாலும் தாங்கக்கூடியது. பாய்லர் ஷாப் அப்படி இல்லை. இரும்புத் தகடுகளை ரிவெட் அடித்து இணைக்கும்போது ஓர் ஆள் பாய்லரின் உள்ளே இருந்து தாங்கிப் பிடிப்பார். வெளியே காற்றுச் சுத்தியல் அடிக்கும். கோயில் மணிக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரையாவது மணியடிக்கச் சொல்வது போன்றது அது. காதடைப்பான் கொடுக்கும் வழக்கமெல்லாம் அப்போது இல்லையாம். கைவசம் இருந்த பஞ்சை அடைத்துக்கொள்வார்கள். பாய்லர் செய்பவர்களுக்கு வரும் செவிட்டுத்தன்மைக்கு ஆங்கில மருத்துவத்தில் தனிப் பெயரே வைத்திருந்தார்கள் என்றால், அது எத்தனை சாதாரணமாக இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். சக்கரத்தின் குரலைக் கேட்கும் தொழிலும் காதைத் தின்னும் தொழிலும் ஒரே வளாகத்தில் நடந்திருக்கின்றன.

பாய்லரில் அவர்கள் செய்த வேலையில் உயிர் இருந்தது. தண்ணீர் ஆவியாகும்போது சாதாரண அழுத்தத்தில் சுமார் 1,600 மடங்கு பெருகும். அந்த வேகத்தை எஃகுத் தகட்டுக்குள் அடைத்துத்தான் ரயிலை ஓட்டினார்கள். அடுப்பின் மேல்தகட்டைத் தண்ணீர் எப்போதும் மூடியிருக்க வேண்டும். தண்ணீர் இறங்கித் தகடு வெறுமையானால் பழுத்து இளகும், பிறகு வெடிக்கும். அதைத் தடுக்க அந்தத் தகட்டில் 'லெட் பிளக்' என்ற ஒரு திருகு வைத்திருப்பார்கள். அதன் நடுவில் காரீயம். தண்ணீர் குறைந்தால் முதலில் அதுதான் உருகும். நீராவி அடுப்புக்குள் பீச்சியடித்து ஓட்டுநரை எச்சரிக்கும். பெருவிரல் அளவுதான் இருக்கும் அந்தத் திருகு. அதைச் சரியாகப் பூட்டியவரின் பெயர் எந்தப் பயணச்சீட்டிலும் அச்சாகவில்லை.

தாத்தா சேர்ந்தபோது செந்தூலுக்கு அதிகமாக வந்த நீராவி இன்ஜின்களில் '56' வகை முக்கியமானது. கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் 1938 முதல் கட்டிக் கொடுத்தவை. மூன்று சிலிண்டர்கள். தெமர்லோ போன்ற நம் நாட்டு ஊர்களின் பெயர்களைத் தாங்கியவை. ஒரு காலத்தில் நீராவி இன்ஜின்கள் பத்து ஆராங் சுரங்க நிலக்கரியைத் தின்றன. போருக்குப் பிறகு படிப்படியாக எண்ணெய்க்கு மாறின.

போர் என்றதும் தாத்தாவின் குரல் தணிந்துவிடும். அப்போது அவருக்கு மூன்று வயது. எல்லாம் அவருடைய அப்பா சொன்னவை. ஜப்பானியர் கையில் இருந்த இந்தப் பட்டறையை 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்காவின் பி-29 விமானங்கள் வந்து குண்டு வீசித் தகர்த்தன. மார்ச் தாக்குதலில் தவறி விழுந்த குண்டுகள் அன்றைய சிலாங்கூர் அரும்பொருளகத்தையும் அழித்தன. இன்று தேசிய அரும்பொருளகம் நிற்கும் இடம் அதுதான். ரயில்வே வேலை என்பதால் சியாம் மரண ரயிலுக்குப் பிடித்துப் போகாமல் தப்பித்தோம் என்று நினைத்திருந்த குடும்பங்கள், ரயில்வே வேலை என்பதாலேயே குண்டுக்கு அடியில் நின்றன. அந்த மரண ரயில் பாதைக்காக மலாயாவின் தண்டவாளங்களையும் பிடுங்கிக் கொண்டுபோனார்கள். தம்பின்-மலாக்கா தடம் அப்படிப் போனதுதான். அது திரும்பி வரவே இல்லை.

1962 டிசம்பரில் ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தினக்கூலிகளை மாதச் சம்பளக்காரர்களாக்க வேண்டும் என்பது கோரிக்கை. பேரிங்கை ஒரு மயிரிழை பிசகாமல் சுரண்டத் தெரிந்தவருக்கும், அவர் காய்ச்சலில் படுத்த நாளில் கூலி கிடையாது. அப்போது தாத்தாவுக்கு 20 வயது. அந்த வாரங்களில் பசியாறலுக்கு வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான். 1963 பிறந்த பிறகுதான் வேலைநிறுத்தம் முடிந்தது. “சக்கரத்தை மட்டுமா தட்டிக் கேட்டோம்?” என்று சிரிக்கிறார்.

டீசல் வந்தது இதற்கிடையே. 1957-இல் இங்கிலிஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்திலிருந்து 1,500 குதிரைத்திறன் கொண்ட '20' வகை இன்ஜின்கள் வரத் தொடங்கின. மொத்தம் 26. இவற்றுக்கு ஊர்ப் பெயர் போய்ப் பூக்களின் பெயர் வந்தது. டீசல் இன்ஜின் சக்கரத்தை நேராகச் சுற்றுவதில்லை. அது ஜெனரேட்டரை ஓட்டும், அந்த மின்சாரம் ஆறு அச்சுகளில் உள்ள ஆறு மோட்டார்களை ஓட்டும். நீராவியில் ஊறிய ஃபிட்டர்கள் பலர் 30, 40 வயதில் மின்சுற்றுப் படம் படிக்க உட்கார்ந்தார்கள். பாய்லர் ஷாப்பில் வேலை குறைந்தது. 1970-களில் நீராவி முடிந்துபோனது. சக்கர ஷாப்புக்கு மட்டும் குறைவில்லை. எதில் ஓடினாலும் சக்கரம் தேயத்தானே செய்யும்.

2000-களின் இறுதியில் பழுதுபார்ப்பு வேலை பத்து காஜாவுக்குப் போய்விட்டது. செந்தூலில் செடி முளைத்தது. ரயில்வேயின் பழைய கட்டடம் ஒன்று அதற்கு முன்பே, 2005-இல், நாடக அரங்காக மாறியிருந்தது. கே.எல்.பேக் என்று உங்களில் பலருக்கு அதைத் தெரிந்திருக்கும். பிரிக்பீல்ட்ஸ் நூறு வீடுகள் போல இடித்துத் தரைமட்டமாக்காமல் விட்டார்களே என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். கோப்பி விற்றாலும் கூரை நிற்கிறது. ஆனால் சுவரைக் காப்பாற்றுவதற்குப் பணம் போதும். நீலம் எப்படிப் படிந்தால் பேரிங் சரி என்பதைக் காப்பாற்ற ஆள் வேண்டும். அந்த ஆட்களெல்லாம் இப்போது 80-ஐத் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த பலவும் எந்தக் கையேட்டிலும் இல்லை.

மறுவாரம் தேசிய அரும்பொருளகத்துக்குப் போனோம். வளாகத்தில் ஒரு பழைய நீராவி இன்ஜின் நிற்கிறது. பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். தாத்தா அதைச் சுற்றி வந்தார். சக்கரத்துக்கும் டயருக்கும் இடையே உள்ள கோட்டை எனக்குக் காட்டினார். அந்தக் கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டால், பிறகு எந்தப் பழைய இன்ஜினைப் பார்த்தாலும் கண் முதலில் அங்கேதான் போகும். நீங்களும் போய்ப் பாருங்கள். பாய்லர் பக்கம் நான் கேட்ட மூன்று கேள்விகளுக்குத் தாத்தா கையை விரித்தார். “அது நம்ம ஷாப்பு இல்லப்பா. எனக்குத் தெரியாததை நான் சொல்லக் கூடாது.”

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறேன். பட்டறையில் புழங்கிய சொற்களை, எந்த மொழியானாலும், அவர் உச்சரித்தபடியே எழுதி வருகிறேன். 'மணி பேசுது' என்றால் சக்கரம் நலம். 'தண்ணி தின்னுது' என்றால் பாய்லரில் எங்கோ கசிவு. 'நீலம் பூக்கணும்' என்றால் பேரிங் வேலை முடியவில்லை. இதுவரை 64 சொற்கள். கைப்பேசியில் மூன்று மணி நேரம் பதிவும் இருக்கிறது.

பாய்லர் ஷாப்பில் வேலை செய்த தாத்தாவின் நண்பர் ஒருவர் பத்துமலைப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். வயது 88. சக்கரம் என்ன, இடி விழுந்தாலும் இப்போது அவர் காதுக்குக் கேட்காது. கண்ணாடி போட்டால் நன்றாகப் படிப்பாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகிறோம். கேள்விகளைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் கேள்வி, லெட் பிளக்கை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றினீர்கள் என்பது.